அழிக்கும் கை எட்டாத நகல்

நான் எடுத்துக்கொண்ட பொருள் கணினித் துறையாருக்கு மட்டும் உரியது போலத் தோன்றலாம். ஆனால் அது கடை நடத்துபவர், ஆலை நடத்துபவர், பள்ளி நடத்துபவர் எல்லோரையும் தொடுவது. கணக்கு, வாடிக்கையாளர் பட்டியல், சம்பளப் பதிவு, மின்னஞ்சல், ஒப்பந்தம் என்று ஒரு நிறுவனம் எதையெல்லாம் மறக்கக் கூடாதோ, அதெல்லாம் இன்று வேறொருவரின் சர்வரில் மாதச் சந்தாவுக்கு ஓடும் கிளவுட் மென்பொருள்களுக்குள் இருக்கிறது. அந்தத் தரவுக்கு ஒரு நகல் வேண்டும். அந்த நகல் மென்பொருளை நடத்துபவரின் அதிகாரத்துக்கு வெளியேயும், நம் நிறுவனத்தின் அன்றாட அட்மினின் அதிகாரத்துக்கு வெளியேயும் இருக்க வேண்டும் என்பதே என் வாதம். ‘நகல் வேண்டும்’ என்ற முதல் பாதியை யாரும் மறுப்பதில்லை. இரண்டாம் பாதியைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். இந்த உரையின் பெரும்பகுதி அதைப் பற்றியது.

2022 ஏப்ரல் 5ஆம் தேதி நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். அட்லாசியன் என்பது ஆஸ்திரேலியாவில் தோன்றிய நிறுவனம். அதன் பணிப்பட்டியல் மென்பொருளான ஜிராவைத் திறக்காமல் காலை வேலை தொடங்காத மென்பொருள் நிறுவனங்கள் சென்னையிலும் கோவையிலும் ஏராளம். அன்று அந்த நிறுவனம் பழைய துணைச் செயலி ஒன்றை வாடிக்கையாளர்களின் தளங்களிலிருந்து நீக்க முனைந்தது. நீக்கச் சொன்ன குழு, நீக்கும் குழுவிடம் செயலிக்குரிய அடையாள எண்களைத் தருவதற்குப் பதிலாக, அந்தச் செயலி இருந்த தளங்களின் அடையாள எண்களைத் தந்துவிட்டது. நீக்கும் நிரல் இரண்டு வகை எண்களையும் ஏற்கும். எது வந்தாலும் ஒன்றும் கேட்காமல் அழிக்கும். அதோடு, சில நாள் கழித்து மீட்கக்கூடிய வகையில் இல்லாமல் நிரந்தரமாக அழிக்கும் முறையில் அது இயக்கப்பட்டது. இருபத்து மூன்று நிமிடங்களில் 775 வாடிக்கையாளர்களின் 883 தளங்கள் மறைந்தன. தளத்தோடு வாடிக்கையாளரின் தொடர்பு விவரங்களும் அழிந்துவிட்டதால், பாதிக்கப்பட்டவர்களைத் தேடிப் பிடித்துச் செய்தி சொல்லவே நிறுவனத்துக்கு நேரம் பிடித்தது. உதவிப் பிரிவில் புகார் பதிய வேண்டுமென்றால் செல்லுபடியாகும் தள முகவரி வேண்டும். அந்த முகவரிதான் இல்லாமல் போயிருந்தது. கடைசி வாடிக்கையாளரின் தளம் திரும்பியபோது பதினான்கு நாள் ஆகியிருந்தது.

அட்லாசியனிடம் பேக்கப் இருந்தது. முறையாக எடுக்கப்பட்டு வந்தது. கடைசி சில நிமிடங்களின் தரவு தவிர மற்றெல்லாம் அதில் பத்திரமாக இருந்தது. பிறகு ஏன் பதினான்கு நாள்? ஒரு தரவு மையமே வீழ்ந்தால் எல்லா வாடிக்கையாளரையும் ஒரே வீச்சில் எழுப்புவதற்கென்று அமைக்கப்பட்ட பேக்கப் அது. பல்லாயிரம் நிறுவனங்கள் ஒரே தரவுக்கிடங்கைப் பகிர்ந்து வாழும் இடத்தில், மற்றவர்களைத் தொடாமல் ஒரு சில நூறு பேரை மட்டும் பிரித்தெடுத்து மீட்க அவர்களிடம் தயாரான கருவி இல்லை. முதல் தொகுதித் தளங்களைக் கையாலேயே ஒவ்வொன்றாகக் கட்டினார்கள். இதில் நேர்மைக்குறைவு எதையும் நான் காணவில்லை. நிறுவனமே தன் தவறுகளை விரிவாக எழுதி வெளியிட்டது. நான் காண்பது பொதுவான ஓர் இயல்பு. கிளவுட் நிறுவனம் எடுக்கும் பேக்கப், அந்த நிறுவனம் தன் சேவையைக் காப்பாற்றிக்கொள்ள எடுப்பது. ஒரு வாடிக்கையாளரின் ஒரு கோப்பை, அவர் கேட்ட நாளுக்கு, அவர் கேட்ட நேரத்தில் திருப்பித் தருவது அதன் முதல் நோக்கம் அல்ல. வாடிக்கையாளர் பதிவு மென்பொருள் தரும் சேல்ஸ்ஃபோர்ஸ் நிறுவனம் வைத்திருந்த தரவு மீட்புச் சேவைக்கு 10,000 டாலர் கட்டணம். ஆறு முதல் எட்டு வாரம் காத்திருக்க வேண்டும். 2020 ஜூலையோடு அதையும் நிறுத்திவிட்டு, வாடிக்கையாளர்களின் எதிர்ப்புக்குப் பிறகு 2021இல் மீண்டும் தொடங்கினார்கள். இரண்டு மாதம் வாடிக்கையாளர் பட்டியல் இல்லாமல் ஒரு விற்பனைப் பிரிவு என்ன செய்யும் என்று நினைத்துப் பாருங்கள்.

இந்த இடத்தில் எழும் முதல் எதிர்வாதம் வலுவானது. “பெரிய கிளவுட் நிறுவனங்கள் நம் தரவை ஒன்றுக்கு மூன்றாகப் பல இடங்களில் வைக்கின்றன. நம் அலுவலகத்து ஹார்ட் டிஸ்க்கைவிட அது ஆயிரம் மடங்கு பாதுகாப்பு” என்பார்கள். உண்மைதான். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது சென்னையில் தரைத்தள அலுவலகங்களில் நீர் புகுந்ததை மறந்துவிட்டு யாரும் பழைய முறைக்குத் திரும்பச் சொல்ல முடியாது. அமேசானின் எஸ்3 சேமிப்பகம் 99.999999999 விழுக்காடு நீடிப்புக்காக வடிவமைக்கப்பட்டது என்கிறார்கள். நான் அதை நம்புகிறேன். ஆனால் அந்த எண் பேசுவது வட்டு பழுதாவதைப் பற்றி. முறையாக வந்த அழிப்பு ஆணையைப் பற்றி அது பேசவில்லை. மூன்று இடங்களில் ஒரே நேரத்தில் எழுதும் ஏற்பாடு, மூன்று இடங்களிலும் ஒரே நேரத்தில் அழிக்கவும் செய்யும். நல்ல பதிவை எவ்வளவு விசுவாசமாகப் பரப்புகிறதோ, கெட்ட பதிவையும் அவ்வளவு விசுவாசமாகப் பரப்பும். இதை நன்கு அறிந்தவர்கள் கிளவுட் நிறுவனத்தாரே. 2011 பிப்ரவரியில் ஒரு மென்பொருள் பிழையால் ஜிமெயில் பயனர்களில் 0.02 விழுக்காட்டினரின் அஞ்சல்கள் மறைந்தன. பல தரவு மையங்களில் இருந்த நகல்களையும் அந்தப் பிழை தொட்டிருந்தது. கூகுள் அவற்றை எங்கிருந்து மீட்டது தெரியுமா? இணையத்தோடு தொடர்பில்லாமல் வைத்திருந்த காந்த நாடாக்களிலிருந்து. பிழையான நிரல் நாடாவை எட்டவில்லை. அதனால்தான் நாடா பிழைத்தது.

இன்னும் தெளிவான சான்று 2024 மே மாதத்தில் கிடைத்தது. யூனிசூப்பர் என்பது ஆஸ்திரேலியாவின் ஓய்வூதிய நிதியங்களில் ஒன்று. ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட உறுப்பினர்களின் ஏறத்தாழ 125 பில்லியன் ஆஸ்திரேலிய டாலரை அது அப்போது நிர்வகித்தது. அதன் அமைப்புகள் கூகுள் கிளவுடில் இருந்தன. பாதுகாப்புக் கருதி இரண்டு புவிப்பகுதிகளில் இரட்டை ஏற்பாடும் செய்திருந்தார்கள். ஓராண்டுக்கு முன்பு கூகுள் ஊழியர் ஒருவர் யூனிசூப்பருக்கு மட்டுமான ஒரு தனியார் கிளவுடை உள்கருவி ஒன்றின் மூலம் அமைத்துக் கொடுத்தபோது ஒரு கட்டம் நிரப்பப்படாமல் விடுபட்டது. நிரப்பாத கட்டத்துக்கு ‘ஓராண்டுக் காலம்’ என்று கருவியே பொருள் கொண்டது. ஓராண்டு முடிந்ததும் சந்தா காலாவதியாகி, தனியார் கிளவுட் தானாகவே அழிந்தது. வாடிக்கையாளர் கேட்டு நடந்த அழிப்பு அல்ல என்பதால் முன்னறிவிப்பு மடலும் போகவில்லை. இரண்டு நிறுவனங்களின் தலைவர்களும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை, அழிப்பு இரண்டு புவிப்பகுதிகளிலும் பாய்ந்ததாகச் சொன்னது. உறுப்பினர்கள் தங்கள் கணக்கைப் பார்க்கவே ஒரு வாரம் காத்திருக்க வேண்டியதாயிற்று. மீட்டது எது? யூனிசூப்பர் வேறொரு சேவை நிறுவனத்திடம் வைத்திருந்த பேக்கப். கூகுளின் பொதுச் சேமிப்பகத்தில் தனியாக இருந்த பேக்கப்பும் தப்பி உதவியது என்று கூகுள் பின்னர் விளக்கியது. இரண்டுக்கும் பொதுவானது ஒன்றுதான்: அவை அழிந்த சந்தாவோடு கட்டப்படவில்லை. இரண்டு இடங்களில் இருந்தும் ஒரே சந்தாவுக்குள் இருந்தவை ஒன்றாகப் போயின. ஒரே பகுதியில் இருந்தும் சந்தாவுக்கு வெளியே நின்றது பிழைத்தது.

ஆகவே நகல்களுக்கு இடையே எத்தனை கிலோமீட்டர் என்று அளப்பது போதாது. அசலை அழிக்க வல்ல ஆணை, பாஸ்வேர்டு, ஒப்பந்தம், பணக்கணக்கு ஆகியவற்றில் எதுவாவது நகலையும் எட்டுமா என்று அளக்க வேண்டும். எட்டும் என்றால் அது எத்தனை கண்டங்களில் இருந்தாலும் ஒரே நகல்தான். இந்த அறிவு நமக்குப் புதிதல்ல. ஒரு நிலம் வாங்கினால் பத்திரம் நம் பெட்டியில் இருக்கிறது. அதன் நகல் சார்பதிவாளர் அலுவலகப் புத்தகத்தில் ஏறுகிறது. நம் வீடு தீப்பிடித்தால் நகல் மனுப் போட்டு வாங்கிக்கொள்ளலாம். நாம் பெட்டியிலுள்ள தாளைத் திருத்தினாலும் அலுவலகப் புத்தகம் திருந்தாது. இரண்டு நகல்கள் இரண்டு வெவ்வேறு அதிகாரங்களின் கீழ் இருப்பதுதான் அந்த ஏற்பாட்டின் உயிர். காகிதத்துக்கு நூறாண்டுக்கு மேலாக நாம் செய்துவருவதை, காகிதத்தைவிட எளிதாக அழியும் ஒன்றுக்குச் செய்யாமல் இருக்கிறோம்.

கிளவுட் நிறுவனத்தின் தவறை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் படம் கோணலாகிவிடும். தரவு போவதற்கு நம் பக்கத்துக் கைகளே போதும். 2020 ஆகஸ்டில் கேபிஎம்ஜி என்ற உலகத் தணிக்கை நிறுவனத்தில், ஒரு குறிப்பிட்ட கணக்குக்கு மட்டும் உரிய மாற்றமாகச் செய்ய வேண்டியதை நிறுவனம் முழுவதற்குமான விதியாக ஓர் அட்மின் இட்டுவிட்டார். மைக்ரோசாஃப்ட் டீம்ஸில் 1,45,000 பேரின் தனி உரையாடல்கள் அழிந்தன. மைக்ரோசாஃப்டாலும் அவற்றை மீட்க முடியவில்லை. மென்பொருள் பழுதாகவில்லை, சொன்னதைச் சரியாகச் செய்தது. இதைவிடக் கொடியது 2014 ஜூனில் கோட் ஸ்பேசஸ் என்ற நிறுவனத்துக்கு நேர்ந்தது. நிரலாளர்களின் மூலநிரலைப் பாதுகாத்துத் தருவதே அதன் தொழில். அமேசான் கிளவுடில் இருந்த அதன் நிர்வாகப் பலகைக்குள் ஒருவர் புகுந்து பணம் கேட்டார். நிறுவனம் பாஸ்வேர்டுகளை மாற்ற முயன்றதும், முன்பே உருவாக்கி வைத்திருந்த மாற்று நுழைவுகள் வழியாக அவர் எல்லாவற்றையும் அழிக்கத் தொடங்கினார். பன்னிரண்டு மணி நேரத்தில் தரவும் பேக்கப்பும் பெரும்பகுதி போயின. நிறுவனம் தொழிலையே மூடியது. ஒரே பலகையிலிருந்து இரண்டையும் அழிக்க முடிந்ததுதான் அதன் முடிவுக்குக் காரணம். 2023 ஆகஸ்டில் டென்மார்க்கின் கிளவுட்நோர்டிக் நிறுவனத்தில், தரவைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் புகுந்தபோதும் முதன்மை பேக்கப், இரண்டாம் பேக்கப் இரண்டும் சேர்ந்தே பூட்டப்பட்டன. வாடிக்கையாளர்களில் மிகப் பெரும்பாலோர் அங்கே வைத்திருந்த அனைத்தையும் இழந்தார்கள்.

தரவு அழியாமலேயே நம் கையைவிட்டுப் போகும் வழியும் உண்டு. 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம், குஜராத்தின் வாடினாரில் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜியின் மீது தடை விதித்தது. ரஷ்யாவின் ராஸ்நெஃப்ட் அதில் 49.13 விழுக்காடு பங்கு வைத்திருக்கிறது. சில நாட்களில் மைக்ரோசாஃப்ட் அந்த நிறுவனத்தின் மின்னஞ்சல், டீம்ஸ் உள்ளிட்ட சேவைகளை நிறுத்தியது. பணம் கட்டிய உரிமங்கள் இருந்தும், தங்கள் சொந்தத் தரவைத் தாங்களே திறக்க முடியவில்லை என்று நயாரா டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. ஜூலை முடிவதற்குள் சேவைகள் திரும்பின. தடை சரியா தவறா என்பது வேறு விவாதம். இந்தியச் சட்டப்படி நடக்கும் ஓர் இந்திய நிறுவனத்தின் அலுவல் நினைவை, ஐரோப்பாவில் எடுத்த முடிவு சில நாட்களுக்குப் பூட்டிவைக்க முடிந்தது என்பதைத்தான் நான் பார்க்கிறேன். அயல்நாட்டு நிறுவனத்தை விட்டு நம் நாட்டு நிறுவனத்துக்கு மாறினால் இந்தக் கவலை தீரும் என்று சொல்வோர் உண்டு. நம் ஊர் நிறுவனங்கள் வளர்வதில் எனக்கும் பெருமை உண்டு. ஆனால் அது இந்தக் கேள்விக்கு விடையாகாது. சென்னையில் வேர்கொண்ட ஜோஹோவின் முதன்மை இணைய முகவரியை 2018 செப்டம்பர் 24 அன்று, ஃபிஷிங் புகார்களைக் காட்டி, அமெரிக்காவிலுள்ள பெயர்ப் பதிவு நிறுவனம் நிறுத்திவைத்தது. கோடிக்கணக்கான பயனர்களின் தரவு சிதையாமல் இருந்தது. பல மணி நேரம் பலருக்கு அதை அடையும் வழி இல்லை. சேவை தருபவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அவருக்கும் மேலே ஒரு சங்கிலி இருக்கிறது.

அடுத்த எதிர்வாதம் குப்பைத்தொட்டியைப் பற்றியது. தவறி அழித்தால் திரும்ப எடுக்கும் வசதி எல்லா மென்பொருளிலும் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, நாள் கணக்கோடு இருக்கிறது. மைக்ரோசாஃப்டின் ஷேர்பாயின்ட்டில் 93 நாள். கூகுள் வொர்க்ஸ்பேஸில் ஓர் ஊழியரின் கணக்கை நீக்கிவிட்டால் மீட்க 20 நாள். சேல்ஸ்ஃபோர்ஸில் 15 நாள். இந்த நாள்களைச் சட்டம் கேட்கும் ஆண்டுகளோடு வைத்துப் பாருங்கள். கம்பெனிகள் சட்டத்தின் 128ஆம் பிரிவு கணக்குப் புத்தகங்களை எட்டு நிதியாண்டுகளுக்கு வைத்திருக்கச் சொல்கிறது. ஜிஎஸ்டி சட்டத்தின் 36ஆம் பிரிவு, ஆண்டுக் கணக்கறிக்கைக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் என்கிறது. அலுவலகத்தில் தரவு காணாமல் போனது எப்போது தெரியவருகிறது? அழித்த மறுநாள் அல்ல. வேலையை விட்டுப்போன விற்பனை மேலாளரின் அஞ்சல் பெட்டி, மூன்றாண்டு கழித்து ஒரு வாடிக்கையாளர் வழக்குப் போடும்போதுதான் நினைவுக்கு வருகிறது. சந்தாவை மிச்சப்படுத்த அவர் கணக்கை அந்த மாதமே நீக்கியிருப்போம். வரித்துறை நோட்டீஸ் வந்த பிறகுதான், மாற்றிவிட்ட பழைய பில் மென்பொருளின் சந்தா முடிந்து தரவு போய்விட்டது என்பது உறைக்கிறது. ஊழியர் ஒருவர் வேண்டுமென்றே பதிவுகளைச் சிறிது சிறிதாக மாற்றியிருந்தால் அதைக் கண்டுபிடிக்க இன்னும் நாளாகும். மாறிய பதிவு குப்பைத்தொட்டிக்கே போவதில்லை. அன்றைக்கு அந்தப் பேரேடு எப்படி இருந்தது என்று காட்டவல்லது, தேதியிட்டு வைத்த பழைய நகல் ஒன்றே.

ஒப்பந்தம் இருக்கிறதே, இழப்பு நேர்ந்தால் ஈடு கேட்கலாமே என்பாருக்கு ஸ்ட்ராஸ்பூர் நகரத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2021 மார்ச் 10 அன்று ஓவிஎச் கிளவுட் நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று அங்கே முழுவதுமாக எரிந்தது. பேக்கப் சேவைக்கும் சேர்த்துப் பணம் கட்டியிருந்த ஒரு பிரெஞ்சு நிறுவனத்தின் பேக்கப், அசல் இருந்த அதே கட்டடத்தில் இருந்திருக்கிறது. அந்த நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 2023இல் லீல் நகர வணிக நீதிமன்றம் அதற்கு இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. தீர்ப்புக்கு ஏறத்தாழ இரண்டாண்டு. கிடைத்தது பணம், தரவு அல்ல. பெரும்பாலான சந்தா ஒப்பந்தங்களில் இழப்பீட்டின் உச்சவரம்பும் நாம் கட்டிய சில மாதச் சந்தாத் தொகையோடு நின்றுவிடும். மைக்ரோசாஃப்டின் பொதுச் சேவை ஒப்பந்தம் பயனர்கள் தங்கள் தரவை முறையாக பேக்கப் எடுத்துக்கொள்ளும்படி வெளிப்படையாகவே பரிந்துரைக்கிறது. 2024இல் அந்த நிறுவனம் தானே ஒரு கட்டண பேக்கப் சேவையையும் கொண்டுவந்தது. அது வேகமாக மீட்டுத் தரும். ஆனால் தரவு மைக்ரோசாஃப்ட் 365 எல்லைக்குள்ளேயே இருக்கும். கைதவறி நடக்கும் அழிப்புக்கு அது நல்ல மருந்து. நயாராவுக்கு நேர்ந்தது போன்ற நிலையில் அதனால் பயனில்லை. வாங்குபவர் இந்த வேறுபாட்டைத் தெரிந்து வாங்கட்டும்.

செலவு என்ற எதிர்வாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. சிறு நிறுவனங்களுக்கு ஒவ்வொரு மாதச் சந்தாவும் சுமைதான். ஆனால் எதற்குச் செலவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஐம்பது பேர் வேலை செய்யும் ஒரு பின்னலாடை நிறுவனத்தின் கணக்கு, ஆர்டர், வாடிக்கையாளர், சம்பளப் பதிவு எல்லாவற்றையும் சேர்த்தாலும் சில ஜிபியைத் தாண்டுவது அரிது. இடத்தைப் பிடிப்பவை படங்களும் காணொளிகளும். அவற்றில் பெரும்பகுதி போனாலும் தொழில் நிற்காது. எல்லாவற்றையும் காக்க முடியாது என்பதால் எதையும் காக்காமல் விடுவதுதான் ஆபத்தான சோம்பல். தென்கொரிய அரசுக்கு நேர்ந்தது அதுவே. 2025 செப்டம்பர் 26 அன்று டேஜான் நகரில் உள்ள தேசியத் தகவல் வள மையத்தில் லித்தியம் பேட்டரிகளை இடம் மாற்றும் வேலையின்போது தீப்பிடித்தது. 709 அரசு அமைப்புகள் நின்றன. அவற்றில் பலவற்றுக்கு வெளியே பேக்கப் இருந்தது. ஏறத்தாழ 1,25,000 அரசு ஊழியர்கள் பயன்படுத்திய ஜி-டிரைவ் என்ற கோப்புக் கிடங்குக்கு மட்டும் இல்லை. அளவு மிகப் பெரியது, 858 டெராபைட், அதனால் வெளியே நகல் வைக்கவில்லை என்று காரணம் சொன்னார்கள். எல்லா அலுவல் கோப்புகளையும் அதிலேயே வைக்க வேண்டும் என்று விதித்திருந்த பணியாளர் மேலாண்மை அமைச்சகம்தான் அதிகம் இழந்தது. விதியை உறுதியாகக் கடைப்பிடித்தவர்களே அதிகம் இழந்தார்கள் என்பது வருத்தத்துக்குரியது. ஒப்புதலுக்கு அனுப்பப்பட்ட இறுதி அறிக்கைகள் வேறொரு அமைப்பிலும் பதிவாகியிருந்ததால் அவை கிடைத்தன. 858 டெராபைட்டில் முக்கியமான ஒரு பங்கை மட்டுமாவது பிரித்து வெளியே வைத்திருந்தால் அந்த அமைச்சகத்தின் நிலை வேறாக இருந்திருக்கும்.

எதிர்வாதங்களில் என்னை மிகவும் யோசிக்க வைப்பது, நகல் கூடினால் கசிவும் கூடும் என்பது. இது கற்பனை அச்சம் அல்ல. 2025 ஆகஸ்டில் சேல்ஸ்லாஃப்ட் நிறுவனத்தின் டிரிஃப்ட் என்ற உரையாடல் செயலியின் அனுமதிச் சாவிகளைத் திருடியவர்கள், அதை இணைத்திருந்த நூற்றுக்கணக்கான நிறுவனங்களின் சேல்ஸ்ஃபோர்ஸ் தரவை உருவி எடுத்தார்கள். பேக்கப் சேவையும் அப்படி இணைக்கப்படும் ஒரு வெளிச் செயலிதான். அதற்கு நம் தரவு முழுவதையும் படிக்கும் அனுமதி தருகிறோம். 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, ஒருவர் தம் தரவை அழிக்கக் கேட்டால் அழிக்க வேண்டும் என்கிறது. பழைய நகல்களில் அவர் பெயர் இருந்துகொண்டே இருந்தால்? இரண்டும் நியாயமான கேள்விகள். பேக்கப் எடுக்கும் கணக்குக்குப் படிக்கும் உரிமை மட்டும் கொடுத்து, எழுதும் உரிமையை மீட்கும் நாளில் மட்டும் தர வேண்டும். நகலைப் பூட்டும் குறியாக்கச் சாவி நம்மிடம் இருக்க வேண்டும். எந்தத் தரவு எத்தனை ஆண்டு என்று எழுதிவைத்து, காலம் முடிந்ததும் நகலும் கழிய வேண்டும். அழிக்கக் கேட்டவர்களின் குறிப்பைத் தனியே வைத்திருந்து, பழைய நகலை எழுப்ப நேர்ந்தால் முதல் வேலையாக அந்தப் பதிவுகளை மறுபடி நீக்க வேண்டும். இவ்வளவும் செய்தாலும் ஆபத்து சுழியம் ஆகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கசிவுக்கு அஞ்சி ஒரே நகலோடு வாழும் நிறுவனம், தன் வாடிக்கையாளரின் தரவை இழந்துபோகும் ஆபத்தை அவர் சம்மதம் இல்லாமலே ஏற்கிறது. அந்தச் சட்டமே தரவைப் பாதுகாக்கும் கடமையையும் சேர்த்துத்தான் பேசுகிறது.

மென்பொருளிலிருந்து இறக்கிய தரவு வெறும் அட்டவணைக் கோப்பாக வருகிறது, அதை வைத்து என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எந்த பில் எந்த ஆர்டரோடு சேர்ந்தது, யார் ஒப்புதல் தந்தார், இணைப்பு எங்கே என்பவை இறக்கும்போது அறுந்துபோவது உண்மை. தனி பேக்கப் சேவைகள் இந்தத் தொடர்புகளையும் சேர்த்தெடுப்பதால்தான் அவற்றுக்கு விலை இருக்கிறது. ஆனால் அறுந்த அட்டவணையும் வீண் அல்ல. மென்பொருளை மறுநாளே எழுப்ப அது உதவாது; யார் எவ்வளவு தர வேண்டும், யாருக்கு எவ்வளவு தர வேண்டும், எந்த ஊழியரின் சம்பளம் எவ்வளவு என்று அது சொல்லும். வேலை இரண்டு வாரம் நின்றுபோவது ஒன்று. தனக்கு வர வேண்டிய பாக்கி எவ்வளவு என்றே தெரியாமல் நிற்பது வேறு.

சிறு நிறுவனம் ஒன்றுக்கு இதைத் தொடங்கப் பெரிய ஏற்பாடு வேண்டியதில்லை. பேக்கப் கணக்கை அன்றாட அட்மின் வைத்திருக்கக் கூடாது. உரிமையாளரோ கணக்காளரோ வைத்திருக்கட்டும். அந்தக் கணக்கின் மீட்பு மின்னஞ்சல் நிறுவனத்தின் சொந்த முகவரியாக இருந்தால், நிறுவன மின்னஞ்சல் பூட்டப்படும் நாளில் அதுவும் பூட்டப்படும். ஆகவே வேறு முகவரி வேண்டும். சந்தாப் பணம் போகும் கார்டும் வேறாக இருப்பது நல்லது. குறித்த காலம்வரை யாராலும், உரிமையாளராலும்கூட, அழிக்க முடியாதபடி பூட்டிவைக்கும் சேமிப்பகங்கள் இப்போது குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. அவற்றில் ஒன்றும், இணையத்திலிருந்து கழற்றிவைத்த வட்டு ஒன்றும் போதும்.

பேக்கப் இருக்கிறது என்ற நம்பிக்கை, மீட்டுப் பார்க்காதவரை வெறும் நம்பிக்கைதான். 2017 ஜனவரி 31 அன்று, நிரலாளர்களின் மூலநிரலைச் சேமித்துத் தரும் கிட்லேப் நிறுவனத்தில் களைத்துப்போன ஒரு பொறியாளர் தவறான சர்வரில் தரவுத்தளத்தை அழித்தார். ஐந்து வகைப் பாதுகாப்பு ஏற்பாடுகள் இருந்தன; ஒன்றும் கைகொடுக்கவில்லை. தரவுத்தளத்தைப் படியெடுக்கும் கருவி பழைய பதிப்பாக இருந்ததால் நாள்தோறும் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியைத் தெரிவிக்கும் மடல்களும் நிராகரிக்கப்பட்டு யாரிடமும் சேரவில்லை. சோதனைக்காக ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்கு முன்பு தற்செயலாக எடுத்த ஒரு படிமம்தான் காப்பாற்றியது. உலகத்தரப் பொறியாளர்கள் நிறைந்த இடத்திலேயே அப்படி என்றால், மாதத்துக்கு ஒருமுறை பச்சை விளக்கு எரிகிறதா என்று மட்டும் பார்க்கும் நம் அலுவலகங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இங்கே தணிக்கையாளர்களால் பெரிய உதவி செய்ய முடியும். கம்பெனிகள் கணக்கு விதிகளில் 2022 ஆகஸ்டில் வந்த திருத்தம், மின்னணு வடிவிலுள்ள கணக்குகளின் பேக்கப்பை இந்தியாவுக்குள் உள்ள சர்வரில் நாள்தோறும் எடுத்துவைக்கச் சொல்கிறது. அது நடக்கிறதா என்று தணிக்கை அறிக்கைகளில் குறிப்பு எழுதுகிறார்கள். பேக்கப் எடுத்ததற்கான பதிவைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், கடந்த காலாண்டின் ஏதாவது ஒரு நாளைத் தணிக்கையாளரே குறித்து, அந்த நாளின் பேரேட்டை மீட்டுக் காட்டச் சொல்லலாம். மீட்டதில் உள்ள இருப்பும் அன்றைய இருப்பும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க ஒரு பிற்பகல் போதும். இந்த நிதியாண்டு முடிவதற்குள் அந்தப் பிற்பகலை ஒதுக்கும்படி இந்த அவையிலுள்ள தொழில்முனைவோரையும் தணிக்கையாளர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.